மஞ்சள் கோழியும் ஐந்தாம் மாடியும்

மார்ச் 1, ஞாயிறு

காலையில் இவர் பல் துலக்கிக்கொண்டே, "வண்டியைக் குடுத்துட்டு வேற எடுத்துடலாமா?" என்றார். வாய் நிறைய நுரை. நான் காதில் விழாத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஊரார் காதையெல்லாம் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இந்த அளவுக்குக்கூட நடிக்க வராவிட்டால் எப்படி?

கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி சொன்னார். பழைய காரைக் கொடுத்தால் அதன் விலையைக் கழித்துக்கொண்டு புது வண்டி தருகிறார்களாம். நம் வண்டிக்கு வயசாகிவிட்டதாம். "அந்த லைட்டு வேற மூணு வருஷமா எரியுது."

அந்த லைட்டு. இஞ்சினில் ஏதோ கோளாறு, கவனிக்கவும் என்று சொல்கிற மஞ்சள் விளக்கு. அது இஞ்சினின் படமாம். எனக்குப் பார்த்த நாளிலிருந்து கோழியாகத்தான் தெரிகிறது. வண்டியைக் கிளப்பினால் மற்ற விளக்குகளெல்லாம் ஒரு தரம் எரிந்து அணைந்துவிடும். இவள் மட்டும் அடைகாக்க உட்கார்ந்த மாதிரி அசையமாட்டாள்.

இந்தக் கோழியை வைத்துத்தான் நான் குடும்பம் நடத்துகிறேன் என்பது இவருக்கு எங்கே தெரியப்போகிறது. கீழ்வீட்டு வக்கீல், போகிற இடத்துக்கெல்லாம் எங்கள் வண்டியை இரவல் கேட்பார். "லைட்டு எரியுதுங்க, பாதி வழில நின்னா உங்களுக்குத்தான சங்கடம்" என்பேன். அவர் என் அக்கறையை மெச்சிக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் வக்கீல் சில்லறைக் கணக்கு. கோழியின் முழுநேர உத்தியோகம் அக்கா.

மத்தியானம் வழக்கம்போல அவளுக்குப் போன் பண்ணினேன். அவள் நகரத்தின் மறுகோடியில், ஐந்தாம் மாடியில், தனியாக இருக்கிறாள். அத்தான் போய்ச் சேர்ந்தாயிற்று, பையன் வெளிநாட்டில். நான் சொன்னேன், "வரணும்னுதான் பாக்குறேன் அக்கா, இந்த வண்டி லைட்டுதான்..." அவள் சொன்னாள், "நீ வந்து என்னடி பண்ணுவ. லிஃப்ட்டு இன்னும் ஓடல. அஞ்சு மாடி ஏறினா உன் முட்டி என்னத்துக்கு ஆகும்?" ஒவ்வொரு ஞாயிறும் இதே வசனம். இரண்டு நாட்டு மந்திரிகள் கைகுலுக்கிக்கொள்கிற மாதிரி. அதற்குப்பின் அவள் தன் பாட்டுக்குக் கத்திப் பேசினாள். நான் நடுவில் என்ன சொன்னாலும் "ம்ம், சரி சரி". பிறகு "வச்சுடறேன்" என்று வைத்துவிட்டாள்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு தரம், ஒப்புக்குத்தான், "அந்த லிஃப்ட்டை நீங்க போய்ப் பாக்கக் கூடாதா?" என்று கேட்டு வைத்தேன். "அது வேற கம்பெனியோடது, நான் கை வைக்க முடியாது" என்றார். அப்பாடா என்றிருந்தது.

மார்ச் 3, செவ்வாய்

இன்று வந்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "கீன்னு சத்தம் வரும். எவ்வளவு லேசா இருந்தாலும் சரி, கேட்டா இந்தப் பட்டனை அழுத்துங்க." அவர் அழுத்தினால் என் மேஜையில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரியும்.

நான் இன்னும் மெஷினையே போடவில்லை. விளக்கு எரிகிறது. அணைகிறது. மறுபடி எரிகிறது. மனுஷர் நூற்றுக்கு நூறு வாங்கப் பார்க்கிறார். வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

தினமும் இதுதான். காது கேட்கவில்லை என்று வருகிறவர்கள்தான் கேட்காத சத்தத்துக்கெல்லாம் பட்டனை அழுத்துகிறார்கள். இத்தனை வருஷத்தில் யாரையும் நான் திட்டியதில்லை. பொய் சொல்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு பாசம் உண்டு.

மார்ச் 5, வியாழன்

இவர் வண்டியைக் கழுவினார். வாங்கிய வருஷத்துக்குப் பிறகு இன்றுதான். விஷயம் தீவிரமாகிறது.

மார்ச் 8, ஞாயிறு

வண்டியை மாற்றப்போவதை அக்காவிடம் சொல்லவில்லை. கோழியைப் பற்றித்தான் சொன்னேன். அவள் லிஃப்ட்டைப் பற்றிச் சொன்னாள். கைகுலுக்கல் முடிந்தது.

புது வண்டி வந்தால் என்ன செய்வேன்? பஸ் என்றால் முட்டி வலி, வாடகை வண்டி என்றால் தலைசுற்றல் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன். சொந்த வண்டி, புதுசு, ஒரு விளக்கும் எரியவில்லை என்றால்? புது வியாதி ஒன்றுதான் தேட வேண்டும்.

இந்த நோட்டில் யாருக்குப் பயந்து மென்று முழுங்குகிறேன்? எழுதிவிடலாம். அம்மா கடைசி இரண்டு வருஷம் எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தாள். குளிப்பாட்டினது, திருப்பிப் படுக்கவைத்தது, ராத்திரி எழுந்தது எல்லாம் நான். இவர் கூடமாட நின்றார். அக்கா வருவாள், பார்ப்பாள், அழுவாள், போய்விடுவாள். அதைக்கூட நான் பெரிசு பண்ணவில்லை. அவளுக்கு அவள் வீடு, அத்தானுக்கும் அப்போது உடம்பு சரியில்லை. ஆனால் அம்மாவைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, வராந்தாவில் மாமா, சித்தி எல்லோரும் நிற்கையில், அம்மாவை இனி யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது, "அவளுக்கென்ன, பிள்ளையா குட்டியா. அவளே பாத்துக்கட்டும்" என்றாள்.

சித்தி கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். நான் எல்லோருக்கும் காபி வாங்கிக்கொண்டு வந்தேன். அவளுக்கும்தான். சர்க்கரை இல்லாமல்.

பிள்ளை இல்லாததை எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், பால்காரர் சொன்னார், முன்பின் தெரியாத ஒரு பெண் ரயிலில் சொன்னாள். எல்லோரையும் மனசுக்குள் நன்றாகத் திட்டிவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அக்கா சொன்னதற்குத்தான் எனக்குத் திட்டு வரவில்லை. எத்தனை ஆஸ்பத்திரி ஏறினேன், எத்தனை தடவை அழுதேன் என்று கூட இருந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவள் வாயால் அது வந்ததுதான் தாங்கவில்லை. இன்றுவரை அவளிடம் அதைச் சொன்னதில்லை. சொன்னால் அவள் "ஆமா, என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்று கேட்டுவிட்டால்? அதோடு எல்லாம் போச்சு. கோழி இருக்கிறவரை ஞாயிற்றுக்கிழமையாவது மிச்சம்.

மார்ச் 11, புதன்

வண்டிக் கடையிலிருந்து மதிப்புப் போடுகிறவர் வந்தார். என் வயசுதான் இருக்கும். தொப்பை, சட்டைப் பையில் டார்ச். வண்டியைச் சுற்றி வந்து கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

நான் என்னால் ஆனதைச் செய்தேன். "மழைன்னா கிளம்பாதுங்க." "வெயில்லயும் சமயத்துல மக்கர் பண்ணும்." "பின் சீட்டுல ஒரு வாடை இருக்கு, எங்களுக்குப் பழகிடுச்சு." சொந்த வண்டியை இவ்வளவு மட்டம் தட்டி விற்கிற பெண்ணை அவர் பார்த்திருக்க மாட்டார். இவரைத் திரும்பிப் பார்த்தார். இவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி அஸ்திரமாக, "முக்கியமா அந்த லைட்டு. மூணு வருஷமா எரியுது, இஞ்சினே போயிருக்கும்" என்றேன். இவ்வளவு சொன்னால் வேண்டாம் என்று போய்விடுவார் என்று ஒரு நப்பாசை. அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ சொருகி, கையிலிருந்த கருவியைப் பார்த்தார். இறங்கிப் போய்ப் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து, விரலால் தடவினார்.

"இஞ்சின் ஜம்முனு இருக்கும்மா. இந்த மூடில ரப்பர் வெடிச்சிருக்கு. உள்ள இருக்கிற காத்து கசியுது, அதான் லைட்டு. மூடியை மாத்தினா போயிடும்."

"மூடியா?"

"மூடிதான்."

மதிப்பை எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இவர் சொன்னதைவிட நல்ல விலை. நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்து, தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

மார்ச் 12, வியாழன்

ஒரு மூடி. என் மானம் மரியாதை எல்லாம் மூன்று வருஷமாக ஒரு ரப்பர் வளையத்தில் தொங்கியிருக்கிறது.

மார்ச் 14, சனி

வண்டியைக் காலி பண்ணினேன். சீட்டுக்கு அடியில் என் தலைக்கிளிப்புகள், இவருடைய ஸ்பேனர், அம்மாவின் மருந்துச் சீட்டு ஒன்று. அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு முன்னால் இருக்கிற பெட்டியைத் திறந்தேன். வண்டியோடு வந்த கையேடு, பிரிக்காதது. அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் உறை, பழுத்துப் போய், மேலே தூசி. உள்ளே புத்தம்புதிய பெட்ரோல் மூடி.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்ததும் கோபம் வந்தது. எதற்குக் கோபம் என்று தெரியாத கோபம்.

இவர் சாப்பிட உட்கார்ந்ததும் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன்.

"ஓ" என்றார்.

"என்ன ஓ? எப்ப வாங்கினது?"

"லைட்டு எரிஞ்ச வாரமே."

"ஏன் மாட்டல?"

வாழைப்பழத்தை உரித்தார். அதை இவ்வளவு நிதானமாக யாரும் உரித்திருக்க மாட்டார்கள். "மாட்டத்தான் போனேன். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நீ போன்ல உங்க அக்காகிட்ட, வண்டில லைட்டு எரியுது, வர முடியலன்னு சொல்லிட்டிருந்த. அத்தை போனதுலேர்ந்து நீ அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசினது அன்னைக்குத்தான். சரி, எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகட்டும்னு உள்ள வச்சுட்டேன்."

பேசினால் அழுதுவிடுவேன் போலிருந்தது. ஒரு மூடிக்காக அழுவதற்கு நான் தயாரில்லை.

"இன்னொண்ணு" என்றார். "அந்த லிஃப்ட்டும் ஓடுது."

"எந்த லிஃப்ட்டு?"

"உங்க அக்கா வீட்டு லிஃப்ட்டு. நம்ம கம்பெனிதான். மாசாமாசம் நான்தான் பாக்குறேன். ஒரு நாள்கூட நின்னதில்ல."

"வேற கம்பெனின்னீங்க!"

"சொன்னேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! அவள் என்னை வரவிடாமல் லிஃப்ட்டை நிறுத்தி வைத்திருக்கிறாள். நான்தான் போகாமல் இருந்தேன் என்றல்லவா இத்தனை நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன கொழுப்பு பாருங்கள். இந்த வீட்டில் பொய் சொல்லாதது அந்தக் கோழி ஒன்றுதான்.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு பொய்யைச் சொல்லிட்டாவது வாராவாரம் பேசிட்டிருந்தீங்க. நான் குறுக்க வந்து நிஜத்தைச் சொல்லி அதைக் கெடுக்கணுமா?"

"அப்ப இப்ப மட்டும் ஏன் வண்டியை விக்கிறீங்க?"

பழத்தைத் தட்டில் வைத்துவிட்டார். குரல் மாறிவிட்டது. "போன மாசம் லிஃப்ட்டுக்கு கிரீஸ் போட்டுட்டு, எப்பவும்போல அவங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு மணி அடிச்சேன். திறக்கல. உள்ள கருகின வாடை. ஓடிப்போய் வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கித் திறந்தா வீடெல்லாம் புகை. அடுப்புல பால் பாத்திரம் கரியாக் கிடக்கு. புகைக்கு அடிக்கிற அலாரம் தலைக்கு மேல அலறுது. அவங்க பக்கத்து ரூம்ல முதுகைக் காட்டி உக்காந்து பட்டன் தச்சிட்டிருக்காங்க."

"தூங்கிட்டிருந்தாளா?"

"தச்சிட்டிருந்தாங்கன்னு சொல்றேனே. கேக்கலம்மா. அவங்களுக்குக் காது கேக்கல. உன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நானும் சரின்னுட்டேன். வார்த்தை குடுத்தாச்சு, சொல்ல முடியாது. அதான் வண்டியைக் குடுத்துட்டா நீயே ஒரு நாள் போய்ப் பாத்துப்பேன்னு."

இப்போது சொல்லிவிட்டாரே என்றேன். "மூடி மாட்டிக்கிச்சு, இதுவும் சேர்ந்து வந்துடுச்சு" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

போன் பண்ணினேன். இந்தத் தடவை தங்கையாக இல்லை, காது சோதிக்கிறவளாகப் பண்ணினேன்.

அவள் கத்திப் பேசினாள். பேச்சை என் கையில் கொடுக்கவே இல்லை. நடுவில் நான் சாதாரணக் குரலில், "அக்கா, உன் வீட்டுக்குத் தீ வச்சுடட்டுமா?" என்றேன்.

"ம்ம், சரி சரி. உடம்பைப் பாத்துக்கோ" என்றாள்.

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். கத்திப் பேசுவது, விடாமல் தானே பேசுவது, எதற்கும் "சரி சரி". எங்கள் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற அடையாளங்கள். பேச்சு தன் கையில் இருக்கிறவரை அடுத்தவர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை, அதனால் விடமாட்டார்கள். முன்பின் தெரியாத தலைமை ஆசிரியரிடம் வாசலிலேயே கண்டுபிடித்தேன். அக்காவிடம் மட்டும் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

தீ பிடித்திருந்தால்? இவர் அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால்? போதும். எழுத வேண்டாம்.

மார்ச் 18, புதன்

வண்டி போய்விட்டது. கடைக்காரர்கள் புது மூடியை மாட்டவே இல்லை, கோழி எரிந்துகொண்டேதான் போனாள். தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். இவர் "என்ன, கண்ணு கலங்குது?" என்றார். தூசி என்றேன்.

புது வண்டி சுத்த முசுடு. பெல்ட் போடாமல் யாராவது உட்கார்ந்தால் கீ கீ கீ என்று உயிரை வாங்குகிறது. கூடைப் பையை சீட்டில் வைத்தேன், அதற்கும் கத்தியது. பைக்கு பெல்ட் போட்டுவிட்டு ஓட்டி வந்தேன்.

மார்ச் 21, சனி

போனேன்.

கட்டடத்துக்குக் கீழே நின்று ரொம்ப நேரம் மேலே பார்த்தேன். லிஃப்ட் பட்டனை அழுத்தினால் சத்தமில்லாமல் வந்து நின்றது. கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. இவர் வேலையில் கெட்டிக்காரர்தான்.

மணியை அடித்தேன். தட்டினேன். போன் பண்ணினேன். உள்ளே போன் அடிப்பது எனக்கே கேட்டது. ஞாயிறு மத்தியானம் மட்டும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பாள் போலிருக்கிறது. படியில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் குப்பைப் பையோடு அவளே கதவைத் திறந்தாள்.

இளைத்திருந்தாள். மூன்று வருஷம் ஞாயிறு தவறாமல் பேசியிருக்கிறேன், இளைத்ததை யாரும் போனில் சொல்வதில்லை. என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வண்டி?" என்றாள்.

"சரியாயிடுச்சு. லிஃப்ட்டு?"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுவும் சரியாயிடுச்சு" என்றாள். "காலைலதான்."

"நல்லதாப் போச்சு."

உள்ளே போனோம். அடுப்புக்கு மேலே சுவர் கறுப்பாக இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"உன் வீட்டுக்காரர் சொல்லிட்டாரா?"

"அவர் ஒண்ணும் சொல்லல. என் வேலை அக்கா இது." எனக்கும் பொய் ஒன்றும் மறந்துவிடவில்லை.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. எல்லாரும் முணுமுணுன்னு பேசினா நான் என்ன பண்றது? காதுல மெஷினை மாட்டிவிட்டு ஊர் பூரா சொல்லிடுவ."

அவள் எதிரே, முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். "மாட்டச் சொல்லல. புதன்கிழமை வா. ஒரு பட்டனை அழுத்திட்டுப் போ. அவ்வளவுதான்."

ஆஸ்பத்திரி வராந்தாப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சர்க்கரை போட்டுக் காபி கொடுத்தாள். எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்று அவளுக்குத் தெரியும். அன்றைய காபிக்கு இன்று கணக்குத் தீர்த்துவிட்டாளோ என்னவோ.

மார்ச் 25, புதன்

அக்காவைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்தேன். கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி உடுத்தியிருந்தாள். ஹெட்ஃபோன் மாட்டும்போது தலைமுடி கலையுது என்று சண்டை பிடித்தாள்.

நான் என் நாற்காலிக்குப் போய் உட்காருவதற்குள் மஞ்சள் விளக்கு எரிகிறது. சத்தம் இல்லை ஒன்றும் இல்லை, அழுத்துகிறாள். பிறகு கண்ணாடி வழியாக என் கையைப் பார்த்து, கை அசையும்போதெல்லாம் அழுத்தினாள். பரீட்சையில் அடுத்தவள் பேப்பரைப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. உள்ளே போய் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு விளக்கு எரியவில்லை. கீச்சுச் சத்தங்களைக் கொடுத்தேன். கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அவள் முதுகு அப்படியே இருந்தது. குருவி, மணி, குழந்தை அழுகிற சத்தம், அலாரம், இதெல்லாம் இருக்கிற பகுதி முழுசும் அவளுக்கு இல்லை. தடித்த சத்தங்கள்தான் கொஞ்சம் விழுகின்றன. இது நேற்றைக்கு வந்ததில்லை. பல வருஷத்துக் கதை.

அடுத்தது பேச்சு. மைக்கில் நான் வார்த்தைகளைச் சொல்ல வேண்டும், அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். கதவு, கண்ணாடி, மரம் என்று ஒரு அட்டை இருக்கிறது. அட்டையைக் கையில் எடுத்தேன். சத்தம் இன்னும் ஆகக் கீழே இருந்தது. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு, ஏனென்று தெரியாமல், அட்டையில் இல்லாததைச் சொன்னேன்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் பிள்ளையா குட்டியான்னு சொன்னியே அக்கா. எனக்கு இன்னும் வலிக்குது."

அவள், "ஏண்டி, ஆரம்பிச்சிட்டியா இல்லையா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

விட்டிருக்கலாம். அட்டையைப் பார்த்துக் கதவு என்று சொல்லியிருக்கலாம். சத்தத்தை அவளுக்கு எட்டுகிற அளவுக்குக் கூட்டினேன். அதே வார்த்தைகளை, அதே வரிசையில், மறுபடியும் சொன்னேன்.

அவள் திருப்பிச் சொல்லவில்லை. அசையவும் இல்லை. எட்டவில்லையோ என்று நான் இன்னும் கூட்டப் போனேன். அப்போது என் மேஜையில் அந்தச் சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. பட்டனிலிருந்து அவள் விரலை எடுக்கவே இல்லை.

நான் உள்ளே போய் ஹெட்ஃபோனைக் கழற்றினேன். முடி கலைந்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கீழே பார்த்தபடி, இந்தத் தடவை கத்தாமல், "சொன்ன அன்னைக்கே தெரியும்டி, சொல்லியிருக்கக் கூடாதுன்னு. உன் முகத்தைப் பாத்தேனே. அப்புறம் எப்படி உன் எதிர்ல வந்து நிக்கிறது? அதனாலதான் லிஃப்ட்டை நிறுத்தினேன்" என்றாள்.

"நான் வண்டியை நிறுத்தினேன்."

"தெரியும். ஒரு லைட்டு எங்கயாவது மூணு வருஷம் எரியுமா?"

இருவரும் அந்தக் குட்டி அறையில், கால் இடிக்க, உட்கார்ந்துகொண்டிருந்தோம். வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டினார். அவருக்குப் பாவம் காது கேட்காது, நாங்கள் "இருங்க" என்றது அவருக்குக் கேட்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 29, ஞாயிறு

இன்று போன் இல்லை. நேரில் சண்டை. காதுக்குப் பின்னால் தெரிகிற மெஷின் வேண்டாமாம், அது கிழவிகள் போடுவதாம். அவள் வயசைச் சொன்னேன். என்னை வெளியே போகச் சொன்னாள். லிஃப்ட்டில் இறங்கி, மறுபடி லிஃப்ட்டில் ஏறி, போன உடனே திரும்பி வந்தேன்.

மார்ச் 30, திங்கள்

இவர் அக்கா வீட்டு அலாரத்தைக் கழற்றி, கத்துவதோடு விளக்கும் வெட்டி வெட்டி எரிகிற ஒன்றை மாட்டிவிட்டு வந்தார். ஒளித்து வைத்த மூடியின் கதையை அவளிடம் முழுசாகச் சொன்னாராம். "நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து வச்சு மேய்ச்சிருக்காருடி உன் புருஷன்" என்று எனக்குப் போன் பண்ணிச் சொன்னாள். நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கொஞ்ச நாள் போட்டுப் பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் உன் முகத்திலேயே எறிவேன் என்ற நிபந்தனையின் பேரில் நேற்று மெஷின் மாட்டிக்கொண்டாள். இன்று எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வரப் போனேன்.

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போடச் சொன்னேன். புடவை கசங்குமாம், முடியாது என்றாள். சரி என்று வாசலைத் தாண்டினேன். வண்டி ஆரம்பித்தது. கீ கீ கீ.

அக்கா பேச்சை நிறுத்தினாள். தலையைச் சாய்த்தாள். டேஷ்போர்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னடி அது, கீ கீன்னு? காதைத் துளைக்குது. நிறுத்தித் தொலையேன்."

நிறுத்துகிறேன் என்றேன். தெருமுனை வரை நிறுத்தவில்லை.